ஈரம் படாத முட்டைகள்

என் ஓரகத்தியை ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் மீனம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அங்கே மீன் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். அதுதான் அவளுடைய சொந்தப் பெயர் என்று நினைத்து யாரோ ஒரு வாழ்த்து அட்டையில் 'திருமதி மீனம்மா அவர்களுக்கு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் கொழுந்தன், அதாவது அவள் புருஷன், அதைப் படித்துவிட்டு, "அப்ப நான் யாரு, மீனப்பனா?" என்று கேட்டான்.

என் கணவர் போன பிறகு நான் இவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, வயதாகும்வரை அந்த வேலையைச் செய்தவள் நான். ஒருவர் கரண்டியை எப்படிப் பிடிக்கிறார், நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறார் என்பதெல்லாம் நான் தேடாமலே கண்ணில் படும். மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதில் வருகிற மீன் சமாசாரமெல்லாம் அவள் சொன்னதும், அங்கே போனபோது நான் பார்த்ததும்தான்.

மீன் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. அங்கே பொழுது விடிவதும் சாய்வதும் சுவரில் உள்ள ஒரு கடிகாரச் சுவிட்சின் வேலை. விளக்குகள் ஒரேயடியாக எரிவதில்லை. முதலில் சாம்பல் நிறம், பிறகு பால் நிறம், பிறகு வெளிச்சம். தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள், அவற்றில் வரிசை வரிசையாகக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நீளத்துக்கு நீலக் கோடு போட்ட மீன்கள். எல்லாத் தொட்டிக்கும் மெல்லிய குழாயில் தண்ணீர் வந்து விழுந்துகொண்டே இருப்பதால், தூரத்தில் எங்கோ மழை பெய்கிற சத்தம் அந்த அறையில் நிற்பதே இல்லை. கூரையில் வெளிச்சம் நெளியும். உள்ளே போகிறவர்கள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் நின்றால் நாம் தொட்டிக்கு வெளியே இருக்கிறோமா உள்ளே இருக்கிறோமா என்பது குழம்பிவிடும். எனக்கே குழம்பியது. நான் அப்படியெல்லாம் குழம்புகிற ஆளில்லை.

அவளுக்குப் பொருத்தமான இடம்தான். வீட்டிலும் அவள் பாதி தண்ணீருக்குள் இருக்கிறவள் மாதிரிதான் நடப்பாள். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுப்பில் வைத்தது கொதித்துவிடும். குழாயைத் திறந்தால் மூடமாட்டாள், ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"உங்க தங்கச்சி தண்ணியப் பாத்தா நின்னுடுவா, அண்ணி," என்பான் கொழுந்தன். "கல்யாணமான புதுசுல மழை பெஞ்சா குடை எடுத்துட்டுத் தேடப் போவேன். எங்கயாவது ஒரு சாக்கடை ஓரத்துல நின்னு காகிதம் மிதக்கறதப் பாத்துட்டிருப்பா."

"தேடி வந்தீங்கல்ல, அத மட்டும் சொல்லுங்க," என்பாள் அவள், கொஞ்சம் நேரம் கழித்து.

மனசு இப்படி மிதந்தாலும் கை அப்படியில்லை. தொட்டி கழுவுகிறவளாகத்தான் அங்கே சேர்ந்தாள். கையின் நிதானத்தைப் பார்த்து முட்டை எடுக்கிற வேலையைக் கொடுத்தார்கள். அந்த நிலையத்திலேயே அவள் அளவுக்கு அதைச் செய்ய ஆளில்லை என்று ஆனது.

அந்த வேலை இப்படி. முந்தின நாள் சாயங்காலமே ஒரு பெண் மீனையும் ஒரு ஆண் மீனையும் ஒரே தொட்டியில் விட்டு, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே கிடக்கும். விளக்கு பால் நிறத்துக்கு வரும்போது பெண் மீன் முட்டைக்குத் தயாராக இருக்கும். அதை மட்டும் எடுத்து மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டால் மெல்லச் சாயும். சிறு கரண்டியால் அள்ளி, மென்தாளில் தலையிலிருந்து வால்வரை உருட்டி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு காய்ந்த தட்டில் கிடத்தி, ஒரு விரலால் வயிற்றை வால் பக்கமாக வருட வேண்டும். குழந்தையின் மூக்கைத் துடைக்கிற அழுத்தம்கூட அதிகம். மஞ்சள் மணிகளாக முட்டைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மீனை நல்ல தண்ணீரில் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் நீந்திப் போய்விடும்.

இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. முட்டையின் மேல் தண்ணீர் படக்கூடாது.

"ஏன்னா, தண்ணி பட்டா முட்டை முழிச்சுக்கும்கா," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "ஆறு குளத்துக்கு வந்துட்டோம்னு நெனச்சுக்கும். ஆண் மீன் வந்துச்சா வரலயான்னு எல்லாம் அது விசாரிக்காது. மேல்தோல் கண்ணாடிக் குமிழி மாதிரி எழும்பி நிக்கும். உள்ள எல்லாம் வேலை ஆரம்பிச்சிடும். அப்புறம் தூங்க வெக்க முடியாது. தனியா முழிச்சு, கொஞ்ச நேரம் இருந்து, அப்படியே செத்துப்போகும்."

முட்டைகளைத் தூக்கத்திலேயே வேண்டும் என்று கேட்டவள் ஒரு ஆராய்ச்சி மாணவி. தலை நிறையச் சுருட்டை முடி. அதனால் எங்கள் வீட்டில் அவள் பெயர் சுருட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் சில தடவை எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறாள். சாப்பிடும்போதும் பேச்சு முட்டையைப் பற்றித்தான்.

"தாய் மீன் முட்டையை உருவாக்கறப்பவே, பின்னாடி என்னென்ன புரதம் செய்யணுமோ அதையெல்லாம் செய்தியா எழுதி உள்ள அடுக்கி வெச்சிடும், பெரியம்மா," என்றாள் என்னிடம். "தூது ஆர்.என்.ஏ.ன்னு சொல்லுவோம். ஆனா எல்லாத்தையும் உடனே செஞ்சுடக் கூடாது. சிலது இப்பவே, சிலது முட்டை முழிச்சதுக்கு அப்புறம்."

"யாரு அதைப் பாத்துச் சொல்றது?"

"செய்தியோட தலையிலயே ஒரு துண்டு இருக்கு. அது புரதமா மாறாது. சும்மா முன்னாடி நிக்கும். படிக்கிற மெஷின் அந்த வழியாத்தான் உள்ள வரணும். தலைத்துண்டு குட்டையா இருந்தா நேரா வந்து படிச்சு, புரதத்தச் செஞ்சிடும். நீளமா இருந்தா நடுவுல பொய்யான ஆரம்பம் ரெண்டு மூணு இருக்கும். மெஷின் அங்கயே ஆரம்பிச்சு, என்னமோ உளறிட்டுக் கீழ விழுந்துடும். உண்மையான செய்திகிட்ட வரவே வராது. முட்டை முழிக்கிற வரைக்கும் அப்படித் தடுத்து வெக்கும். இதுதான் நான் சொல்றது."

"மருந்துச் சீட்டுல 'வலி இருந்தால் மட்டும்'னு மேல எழுதறாங்களே, அதுமாதிரியா?"

சுருட்டை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆமா பெரியம்மா. அதேதான்."

என் தொழிலில் இது பாலபாடம். அந்த வரி மருந்து இல்லை, அதை யாரும் விழுங்குவதும் இல்லை. ஆனால் அதைப் படிக்காமல் மாத்திரையைக் கொடுத்தால் நோயாளியின் கதை முடிந்தது.

தான் சொல்வதை நிரூபிக்க அவள் இரண்டு வகை மீன்களை வைத்திருந்தாள். இரண்டு வகையின் முட்டையிலும், பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்துக்கான செய்தி இருக்கும். ஒரு வகையில் அதன் முன்னால் குட்டைத் தலைத்துண்டு, மற்றதில் நீளத் தலைத்துண்டு. குட்டைத்தலை முட்டைகள் தூக்கத்திலேயே பச்சையாக இருக்க வேண்டும், நீளத்தலை முட்டைகள் விழிக்கிறவரை இருட்டாக இருக்க வேண்டும். முட்டைகளை எடுத்து, சிறு குழாய்களில் இட்டு, அரைத்துக் கொடுப்பதுவரை என் ஓரகத்தியின் பொறுப்பு. அரைத்ததை இயந்திரத்தில் வைத்துப் பச்சையை அளப்பது சுருட்டையின் பொறுப்பு.

குட்டைத்தலை சொன்னபடி கேட்டது. நீளத்தலைதான் அவளைப் பைத்தியமடித்தது. ஒருநாள் இருட்டு, மறுநாள் பச்சை. அதற்கடுத்த நாள் பாதிப் பச்சை. சுருட்டை எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் தட்டில் வைத்தது அப்படியே இருக்கும்.

அதே காலத்தில்தான் என் கண்ணில் வேறொன்று பட்டது. ஓரகத்தி ஊசியில் நூல் கோர்க்க என்னிடம் கொடுக்க ஆரம்பித்தாள். கண் சரியில்லை என்றாள். ஆனால் எதிர்வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்த பறவை என்ன பறவை என்று சரியாகச் சொன்னாள். பொத்தான் வைத்த சட்டைகளெல்லாம் அலமாரியின் அடியில் போய்விட்டன. சூப்பைக் கரண்டியால் குடிக்காமல் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். மடியில் கிடக்கும்போது கை அமைதியாக இருக்கும். ஒரு காரியத்துக்குப் போகும்போதுதான் விரல் நுனிகள் துடிக்கும்.

"டாக்டரைப் பாரு," என்றேன்.

"பாக்கலாங்கா."

பார்க்கலாம் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேரை நான் படுக்கையில் புரட்டிப் போட்டிருக்கிறேன். ஆனால் விருப்பமில்லாதவளை இழுத்துக்கொண்டு போக அவள் என் நோயாளியில்லை.

அவள் பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். மீன் அறைக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. வார்த்தையை அளந்து பேசுகிறவர், விதியை அளக்காமலே அமல்படுத்துகிறவர். கண்ணோ கையோ சரியில்லாதவர்கள் மீன் அறையில் வேலை செய்யக்கூடாது என்பது அங்கே விதி. மயக்க மருந்தும் கண்ணாடியும் புழங்குகிற இடம், தப்பான விதி என்று சொல்ல முடியாது. முன்பு அங்கே இருந்த ஒருவருக்குப் பார்வை மங்கியது. அவரை மேல்மாடிச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அவர் சாப்பாட்டு இடைவேளையில் கீழே இறங்கி வந்து, கதவிலிருக்கும் வட்டக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாராம். உள்ளே அவருக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும். ஆனாலும் நிற்பார்.

ஒருநாள் காலையில் அவள் ஒரு கனவைச் சொன்னாள். மீன் அறையில் தொட்டிகளில் மீனே இல்லை, விளிம்புவரை முட்டைகள். எல்லாம் தூங்குகின்றன. அவற்றின் மூச்சு கேட்கிறது. இவள் ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். இவள் விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. துடைக்கத் துடைக்க ஊறுகிறது. கீழே சொட்டாமல் இருக்க இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நடக்கிறாள். அலமாரிகள் முடியவே இல்லை. தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி வருகிறது.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"இவ கனவுல தண்ணி வராம இருந்தாத்தான் ஆச்சரியம்," என்றான் கொழுந்தன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

நான் கனவுக்குப் பலன் சொல்கிறவள் இல்லை. யாராவது தண்ணீர்க் கனவு சொன்னால் சிறுநீர் கழிக்க எழுந்தார்களா என்றுதான் கேட்பேன். அன்றைக்கு அதையும் கேட்கவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மத்தியானம் சீக்கிரம் வீடு திரும்பினாள். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சுருட்டையோட நீளத்தலை மீனையெல்லாம் ஐஸ் தண்ணில போட்டுக் கொன்னுடச் சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"தூங்குற முட்டையிலயும் பச்சை வருதாம். தலைத்துண்டு தடுக்குதுங்கறதே தப்பா இருக்கும், வேற ஏதாவது எடுத்துக்கோன்னு பேராசிரியர் சொல்லிட்டாராம். வர்ற திங்கக்கிழமை தொட்டிய காலி பண்ணணும். நான்தான் பண்ணணும். அந்தப் பொண்ணு பம்ப் ரூம்ல உக்காந்து அழுதுட்டிருக்கு."

"ஐஸ் தண்ணியா? பாவம்," என்றான் கொழுந்தன். "சாப்பிட்டியா நீ?"

வழக்கமான தாமதம் என்று காத்திருந்தோம். பிறகு, "அது மீனோட தப்பு இல்ல," என்றாள்.

"பின்ன யாரோடது?" என்று கேட்டேன்.

மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள்.

"நீட்டு," என்றேன். நீட்டினாள். காற்றில் பிடித்திருந்த இரண்டு கையும் நடுங்கின. வலது கை அதிகமாக. கொழுந்தன் செய்தித்தாளை மடித்து வைத்தான். அவன் அதுவரை அதைக் கவனித்திருக்கவே இல்லை. பாவம், ஒரே வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை.

"மீனைத் தாள்ல உருட்டறப்ப வால் நழுவுது," என்றாள். "ஒரு சொட்டு தட்டுல விழுந்துடுது. எல்லாத் தடவையும் இல்ல."

"விழுந்தா உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கொஞ்ச நேரத்துல சில முட்டை மட்டும் உப்பிக்கும்."

"அதைக் கீழ கொட்டிடறதுதானே?"

"கொட்டினா, ஏன் கொட்டினேன்னு எழுதணும். நாலஞ்சு முட்டைதானே, இவ்ளோவுல என்ன தெரிஞ்சுடப் போகுதுன்னு சேத்து அரைச்சுட்டேன். மத்த மீனையும் முடிச்சு எல்லாத்தையும் ஒண்ணா அரைக்கிற வரைக்கும் அது முழிச்சுட்டேதான் இருந்திருக்கும். பச்சை அதுலேருந்துதான் வந்திருக்கு. அந்தப் பொண்ணு தன் மூளைதான் சரியில்லன்னு நெனச்சுட்டிருக்கு."

கொழுந்தன்தான் முதலில் பேசினான். "சரி, அரைச்சாச்சு. எவன் கண்டான்? வாயத் தெறக்காத."

"தம்பி," என்றேன்.

"இல்ல அண்ணி. இவ போய்ச் சொன்னா என்ன ஆகும்? சாமான் ரூம்ல உக்கார வெச்சு அட்டைப்பெட்டி அடுக்கச் சொல்லுவாங்க. இவ தண்ணியப் பாக்காம ஒருநாள் இருப்பாளா? நாளைக்கு இவளும் கதவுக் கண்ணாடில நெத்தியத் தேச்சுட்டு நிப்பா. நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும்."

கேலி செய்கிற குரலில்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது அந்தக் குரல் இல்லை.

நான் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. மருந்து அளவு தப்பினால் நோயாளியின் கண் செருகுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பயிற்சி. ஆனால் என் கைகள் ஓய்வு பெற்றாகிவிட்டது. இழக்க ஒன்றுமில்லாதவள் அதைச் சொல்வது சுலபம். அவளுக்குச் சாப்பாடும் சூப்பும் வைத்தேன். அவள் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்காமல் கரண்டியை எடுத்தாள். எங்கள் இரண்டு பேர் கண்ணெதிரேயே எடுத்தாள். பாதி மேசையில் சிந்தியது. துடைக்கவும் இல்லை.

"அக்கா, நாளைக்கு நீங்களும் வரீங்களா?" என்றாள்.

மறுநாள் நாங்கள் போனபோது அறை சாம்பல் நிறத்தில் இருந்தது. எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். மழைச் சத்தம் நாலா பக்கமும் விழுந்துகொண்டிருந்தது. மீன்கள் அசையாமல் ஒரே திசையைப் பார்த்தபடி நின்றன, யாரோ பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிற மாதிரி. வெளிச்சம் பாலாக மாறியபோது எல்லாத் தொட்டியிலும் ஒரே சமயத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் இங்கேதான் வசிக்கிறாள், எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறாள், அவ்வளவுதான் என்று தோன்றியது.

சுருட்டை கண் வீங்கி வந்தாள். "என்ன மீனம்மா, வரச் சொன்னீங்களாமே?"

"ஒரு மீன்ல முட்டை எடுக்கறேன். பக்கத்துல நின்னு பாரு."

"எதுக்கு? அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"பாரேன்."

நீளத்தலை மீன் ஒன்று மயக்கத் தண்ணீரில் சாய்ந்தது. கரண்டியில் அள்ளினாள். மென்தாளில் உருட்டும்போது கை துடித்தது. அவள் மறைக்க முயலவில்லை. மீனைத் தட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் வாலில் நின்ற ஒரு துளி நடுங்கி, நீண்டு, தட்டின் ஓரத்தில் விழுந்தது. விரல் வருடியதும் முட்டைகள் வந்தன. ஓரத்தில் போய்ச் சேர்ந்தவை சில.

மீனை நல்ல தண்ணீரில் விட்டுவிட்டு, தட்டை உருப்பெருக்கியின் கீழே நகர்த்தினாள். சுருட்டை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் அவள் மெல்ல நிமிர்ந்து, எனக்கு இடம் விட்டாள். நானும் பார்த்தேன். நடுவிலிருந்த முட்டைகள் தோல் ஒட்டிக் கிடந்தன. ஓரத்தில் சிலவற்றைச் சுற்றி மட்டும் ஒரு மெல்லிய வளையம் எழும்பியிருந்தது, நிலாவைச் சுற்றி மழைக்கு முன்னால் கோட்டை கட்டுமே, அதைப்போல.

"எத்தனை தடவை இப்படி ஆச்சு?" என்று கேட்டாள் சுருட்டை.

"தெரியல. நிறைய."

"ரெண்டு வருஷம், மீனம்மா. என் கணக்கு தப்பு, என் மண்டை தப்புன்னு ரெண்டு வருஷம்! சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இங்க விடமாட்டாங்க."

சுருட்டை என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா பெரியம்மா?"

"நேத்துதான் தெரியும்."

அவள் யாரையும் திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு தானாக மெல்ல மூடிக்கொண்டது. என் ஓரகத்தி அந்த மீன் இருந்த தொட்டிக்கு முன்னால் நின்று அது தெளிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்வது என் வழக்கமில்லை. கிளம்பலாம், டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அவர் காத்திருக்க மாட்டார் என்று சொன்னேன்.

டாக்டர் சுருள் கோடு வரையச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். எல்லோரும் பயப்படுகிற அந்த நடுக்குவாதம் இல்லை இது, ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் போகவும் போகாது என்றார். மாத்திரை எழுதினார்.

"கையால நுணுக்கமா ஏதாவது வேலை செய்யறீங்களா?"

"மீன் பிடிக்கிற வேலை."

"தூண்டிலா, வலையா?"

"கரண்டி," என்றாள் அவள். டாக்டர் என்னைப் பார்த்தார். மனநிலையையும் சோதிக்க வேண்டுமா என்று யோசிக்கிற பார்வை.

சுருட்டை அந்தத் திங்கட்கிழமை தொட்டிகளைக் காலி செய்ய விடவில்லை. இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று மட்டும் பேராசிரியரிடம் சொன்னாள். இனி முட்டையைத் தானே எடுப்பதாக மேற்பார்வையாளரிடம் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. காலையில் வருவாள், என் ஓரகத்தியோடு ஒரு வார்த்தை பேசாமல் மேசையில் உட்காருவாள். மீன் அவள் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழும். அழுத்தம் கூடினால் முட்டை நசுங்கும். என் ஓரகத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பாளாம். வாய் துடிக்கும். ஆனால் அந்தப் பெண் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் கொட்டுவாள். "கட்டைவிரலால அமுக்கறாக்கா! கட்டைவிரலால!"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த மீன் பாடுதான் திண்டாட்டம்," என்றான் கொழுந்தன்.

மாத்திரையால் கை கொஞ்சம் அடங்கியது. கிண்ணத்தில் கரண்டி போடுமளவுக்கு. மீன் வாலைப் பிடிக்குமளவுக்கு இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சுருட்டையே அவளைக் கூப்பிட்டாள். பெரியம்மாவையும் அழைத்து வரச் சொன்னாளாம். இந்தத் தடவை எதையும் அரைக்கப் போவதில்லை, நேராகக் கண்ணால் பார்க்கப் போகிறோம் என்றாள். மேல்மாடியில் ஒரு இருட்டறை. கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனதும் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. இயந்திரத்தின் முனகல் மட்டும் கேட்டது. கண் பழகப் பழக, இருட்டுக்கே ஒரு ஆழம் வந்தது.

முதலில் குட்டைத்தலை முட்டைகளைக் காட்டினாள். அடேயப்பா. கறுப்பு வெல்வெட்டில் யாரோ பச்சை மணிகளைக் கொட்டிவைத்த மாதிரி. தூங்கிக்கொண்டே ஒளிர்ந்தன. எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்று தெரியவில்லை. இடுப்புதான் ஞாபகப்படுத்தியது.

பிறகு தட்டை மாற்றினாள். "இது நீளத்தலை. சொட்டு ஈரம் படாம எடுத்தது."

என் ஓரகத்தி முதலில் பார்த்தாள். பிறகு நான். ஒன்றுமே இல்லை. கறுப்பு, அதற்கு அப்பாலும் கறுப்பு.

"எதுவும் தெரியலயேம்மா," என்றேன்.

"ஆமா பெரியம்மா," என்றாள் சுருட்டை. குரல் உடைந்திருந்தது. "ஒண்ணுமே தெரியல. இதுவரைக்கும் எடுத்த எல்லாத் தட்டுலயும் இப்படித்தான் ஒண்ணுமே தெரியல." அவள் சிரிக்கிறாள் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒன்றும் தெரியாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தூங்குது," என்றாள் என் ஓரகத்தி.

"எழுப்பிப் பாக்கலாமா?"

"நீயே எழுப்பு. எனக்கு இங்க நின்னு பாத்தாப் போதும்."

சுருட்டை தட்டில் தண்ணீர் விட்டாள். உடனே ஒன்றும் ஆகாதாம். செய்தியைப் படித்துப் புரதம் செய்து அது பச்சையாகத் தேறுவதற்கு நேரம் பிடிக்குமாம். நான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆகவே அந்த இருட்டில் பச்சை எப்படி வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. உள்ளேயிருந்து முதலில் இயந்திரத்தின் முனகல் மட்டும்தான் வந்தது. அப்புறம் பேச்சுக் குரல் கேட்டது, மெதுவாக, மாற்றி மாற்றி. அதில் 'கட்டைவிரல்' என்ற சொல் காதில் விழுந்தது.

வெளியே வரும்போது சுருட்டை, "மேற்பார்வையாளர்கிட்ட நான் எதுவும் சொல்லல, மீனம்மா," என்றாள். "சொல்லவும் மாட்டேன். ஆனா கட்டுரைல ஏன் பழைய அளவு எல்லாம் தப்பாச்சுன்னு எழுதணும். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லது."

"சரி," என்றாள் இவள்.

லிஃப்டுக்குக் காத்திருந்தோம். கதவு திறந்தபோது உள்ளே அந்த மேற்பார்வையாளர்தான் நின்றார், கையில் கோப்புகளோடு. வேறொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் உள்ளே நுழைந்து அடித்தளத்துக்கான பொத்தானை அழுத்தப் போனாள். விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் பட்டது. மறுபடி நீட்டினாள். மறுபடி தவறியது. வெளியே இறங்கப் போனவர் அதைக் கவனித்து நின்றுவிட்டார்.

"கை நடுங்குது சார்," என்றாள் அவள். வழக்கமான தாமதம்கூட இல்லாமல் சொன்னாள். "ரொம்ப நாளா. அந்த ஆராய்ச்சிப் பொண்ணோட முட்டையெல்லாம் அதனாலதான் கெட்டுப்போச்சு. டாக்டர் இது போகாதுன்னு சொல்லிட்டார். நான் மறைச்சுட்டேன்."

லிஃப்டின் கதவு மூடிக்கொண்டது. யாரும் எந்தப் பொத்தானையும் சரியாக அழுத்தாததால் அது நகரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டிக்குள் நின்றோம். அவர் அவள் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தன் கோப்புகளைப் பார்த்தார்.

"முட்டை எடுக்கக் கூடாது," என்றார்.

"கூடாது சார்."

"மயக்க மருந்தைத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

அவர் யோசித்தார். விதியை அப்போதுதான் முதல் தடவையாக அளக்கிற மாதிரி இருந்தது.

"தீனி போட முடியுமா?"

"போடுவேன். கொஞ்சம் சிந்தும்."

"சிந்தினா தண்ணிக்குள்ளதானே சிந்தும்," என்று சொல்லிவிட்டு, அவர் அடித்தளத்துக்கான பொத்தானை அழுத்தினார்.